ஏழரையும் ஏழு ஆண்டுச் சான்றிதழும்

கலந்தாய்வு முடிந்து, ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்து பத்து நாள்கள் ஆகின்றன. நீட் தேர்வில் இரண்டாம் முயற்சியில் 437 மதிப்பெண் பெற்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். "ஓ, ஏழரையா?" என்று சிரிப்பவர்களிடம், அது சனியல்ல, 2020-ஆம் ஆண்டுச் சட்டம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

தேர்வைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உறுதியாகத் தெரியாத கேள்வியை விட்டுவிடுங்கள்; தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். முதல் முறை 174 கேள்விகளுக்கு விடையளித்தேன். 86 தவறு, மதிப்பெண் 266. இம்முறை 143-ஐ மட்டும் தொட்டேன், 27 தவறு. இயற்பியலில் பாதிக்கு மேல் வெறும் வட்டங்களாகவே விட்டுவந்தேன். எனக்குப் பயந்த சுபாவம். துணிச்சல்காரர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம்.

ஆனால் என் இடத்தைப் பறிக்கப் பார்த்தது இயற்பியல் அல்ல, ஒரு சேர்க்கைப் பதிவேடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். எட்டு வரை நான் படித்த நடுநிலைப் பள்ளியின் பழுப்பேறிய பதிவேட்டில் தலைப்பெழுத்து 'மு' என்று இருக்க, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சு' என்று இருந்தது. அதைச் சரிசெய்ய, விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் நான்கு நாள்கள் அலைந்தேன். ஆகவே:

- படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே சான்று வாங்குங்கள்.
- நீட் முடிவுக்குக் காத்திருக்காமல் மே மாதமே போய்விடுங்கள்.
- பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைப் பதிவேட்டிலேயே பாருங்கள்.

தனிப்பயிற்சிக்கு லட்சங்கள் கொட்ட முடிந்தவர்களோடு எங்களை ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமல்ல என்பதால்தான் இந்தச் சட்டம் வந்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. அதில் எனக்கு மறுப்பில்லை. என் தோழி என்னைவிட 11 மதிப்பெண் கூடுதலாக எடுத்தவள்; அவள் தந்தையும் என் தந்தையைப் போலவே கட்டட வேலைக்குப் போகிறவர். ஆனால் அவள் படித்தது அடுத்த தெருவிலிருக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில். உதவி பெறும் பள்ளிகள் இச்சட்டத்தில் வராததால், பொதுத் தரவரிசையில் மட்டும் நின்ற அவளுக்கு இடமில்லை. வீட்டுக்கு அருகில் எந்தப் பள்ளி என்று பத்து வயதில் பெற்றோர் எடுத்த முடிவு, பதினெட்டு வயதில் இப்படி வந்து நிற்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் தங்கை இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புச் சேர்க்கை எப்போது என்று அவள் அம்மா நேற்று என் பள்ளிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.