சாவுக் குச்சி வேணுமா?

மார்ச் 3, திங்கள்

அப்பாவுக்கு வலது காது போய் நாலு வருஷம் ஆகிறது. இடது காதும் இப்போது பேருக்குத்தான். படம் பார்க்கிற ஆசை மட்டும் குறையவே இல்லை. கீழே தமிழில் எழுத்து ஓடினால் எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் உட்கார்ந்துவிடுவார். அதனால் ராத்திரியில் நானே சப்டைட்டில் எழுதுகிறேன். ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படத் தொடரில் 1977 படமும் 1999 படமும் முடிந்தன. இப்போது 2002-இல் வந்த ‘அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்’. 142 நிமிடப் படம்.

இன்று இரவு விடுதிக் காட்சிக்கு வந்து சேர்ந்தேன். ஸாம் வெஸெல் என்ற கூலிக்கொலையாளி கூட்டத்துக்குள் புகுந்து ஒளிகிறாள். துரத்தி வந்த ஜெடை வீரர் ஒபி-வான் சிஷ்யனைத் தேட அனுப்பிவிட்டு, தான் குடிக்கப் போவதாகச் சொல்லி நேராக பார் பக்கம் போகிறார். அங்கே தலையில் இரண்டு சின்ன உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பையன் பக்கத்தில் வந்து, ‘டெத் ஸ்டிக்’ என்ற போதைப்பொருள் வேணுமா என்று கேட்கிறான். உனக்கு விற்க விருப்பமில்லை என்கிறார் ஒபி-வான், கையை லேசாக அசைத்து. எதிராளியின் மனசை மாற்றிவிடும் ஜெடை வித்தை அது. எனக்கு விற்க விருப்பமில்லை என்கிறான். வீட்டுக்குப் போய் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கத்தான் உனக்கு விருப்பம் என்கிறார். அதையும் திருப்பிச் சொல்லிவிட்டுப் போயே போய்விடுகிறான்.

அரை நிமிடம்கூட இல்லை. ஐந்தே வரி. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று நினைத்தேன். மணி ஒன்றரை. முதல் வரியே நிற்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

எழுதுவதை விட்டுவிட்டு அந்தப் பையன் யார் என்று தேடுவதில் ராத்திரி போனது.

பெயர் ஈலன் ஸ்லீஸ்பகானோ. ஆங்கிலத்தில் கேடுகெட்டவனைத் திட்டும் ஒரு சொல்லுக்கு வால் ஒட்டி வைத்த பெயர். தமிழில் ஒருவனுக்குப் ‘பொறுக்கியானோ’ என்று பெயர் வைத்த மாதிரி. படத்துக்குள் யாரும் அவனை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. கடைசியில் ஓடும் பட்டியலில்தான் இருக்கிறது. வைத்தவர்களுக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, பின்னால் வந்த கதைகளில் செல்சபாக்னோ என்று கொஞ்சம் மரியாதையான ஒரு பெயரும் உண்டு.

நடித்தவர் மாட் டோரன், ஆஸ்திரேலியர். ‘மேட்ரிக்ஸ்’ (1999) படத்தில் மௌஸ் என்ற இளைஞனாக வருவாரே, கணினிக்குள் சிவப்பு உடைப் பெண்ணை உருவாக்கியவன், அவரேதான். இரண்டு படமும் சிட்னியில் ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை. ஒன்றில் செத்துப்போனார், இன்னொன்றில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே விடுதியின் கூட்டத்தில் ஆன்டனி டேனியல்ஸும் அகமது பெஸ்ட்டும் நிற்கிறார்கள். ஒருவர் 1977-இலிருந்து தங்க நிற ரோபோ சி-த்ரீபிஓ உடைக்குள் இருந்தவர். இன்னொருவர் 1999 படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பிராணியாக நடித்தவர். இங்கே உடையும் வேஷமும் இல்லாமல் சொந்த முகத்தோடு. பாத்திரத்தின் பெயரும் சொந்தப் பெயரைக் கலைத்துப் போட்டதுதான்: டேனல் ஃபேடோனி, ஆக் மெட்-பெக். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இதற்கெல்லாம் சப்டைட்டில் வேண்டாம் என்பது ஒரு நிம்மதி.

மார்ச் 6, வியாழன்

சிக்கல் ‘டெத் ஸ்டிக்’ இல்லை, ‘நீ’யும் ‘நான்’உம்தான்.

ஆங்கிலத்தில் ஒபி-வான் ‘நீ’ என்று சொன்னதை இவன் ‘நான்’ என்று மாற்றிச் சொல்கிறான். மற்றபடி ஒரே வாக்கியம். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. நமக்கோ பேச்சில் ‘உனக்கு’, ‘எனக்கு’ எல்லாம் தானாக விடுபட்டுவிடும். “மரணக் குச்சி விக்க இஷ்டமில்ல.” யார் சொன்னாலும் இதே வரிதான். நேற்று அப்படித்தான் எழுதி ஓடவிட்டுப் பார்த்தேன். அடுத்தடுத்து ஒரே வரி இரண்டு தடவை வருகிறது. எழுத்து திரையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இரண்டாவது ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை.

1977 படத்திலும் இதே தொல்லை வந்தது. நீங்கள் தேடும் ரோபோக்கள் இவை இல்லை என்று கிழவர் ஒபி-வான் சொல்ல, நாங்கள் தேடும் ரோபோக்கள் இவை இல்லை என்று படைவீரன் திருப்பிச் சொல்வான். அங்கே ‘நீங்க’, ‘நாங்க’ என்று போட்டுத் தப்பித்தேன். பணியில் இருக்கும் வீரனிடம் ‘நீங்க’ என்றால் பொருந்தும். போதைப்பொருள் விற்கும் பையனை ஒபி-வான் ‘நீங்க’ என்பாரா? மாட்டார். பையன் அவரை? ‘சார்’ வராது. ‘அண்ணே’ என்றால் ரொம்ப நெருக்கம். ‘பாஸ்’ என்று போட்டேன், அழித்தேன். ‘தலைவா’ என்று போட்டேன். அது இருக்கட்டும்.

மார்ச் 7, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. கண் வலி.

மார்ச் 9, ஞாயிறு

இன்று அப்பாவிடமே காகிதத்தில் எழுதிக் காட்டினேன். படத்தைச் சொல்லவில்லை, வரியை மட்டும்: “தலைவா, மரணக் குச்சி வேணுமா?”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். “ஊதுபத்தியா?”

போதைப்பொருள், கொஞ்சம் கொஞ்சமாக ஆளைக் கொன்றுவிடும் என்று எழுதினேன். “அப்போ சாவுக் குச்சின்னு எழுது. மரணம்னா இரங்கல் நோட்டீஸ் மாதிரி இருக்கு.” சரி, அது தீர்ந்தது. அடுத்ததற்குத்தான் நான் தயாராக இல்லை.

“யாரும்மா இவன்? வியாபாரமே தெரியலையே.”

அப்பா 26 வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி விற்றவர். முதலில் பேனா, அப்புறம் துணி சோப்பு, கடைசியில் பிளாஸ்டிக் டப்பா. அவர் கணக்கில், வாயைத் திறந்ததும் சரக்கின் பெயரைச் சொல்கிறவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். செருப்பைப் பார்க்க வேண்டும். வெயிலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் உள்ளே போய்த் திரும்பி வருவார்கள், அதற்குள் பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். இவன் எடுத்த எடுப்பில் சாவு என்கிறான். “வாங்குறவன் யாருன்னு பாக்கவே இல்ல பாரு.”

உண்மைதான். அந்தக் கூட்டத்தில் அவன் பிடித்தது ஒரு ஜெடையை. இடுப்பில் ஒளிவாள் தொங்குகிற ஆளை. இத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

வாங்க வந்தவன் விற்கிறவனின் மனசையே மாற்றி அனுப்பிவிடுகிறான் என்று எழுதிக் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. “பொழப்பாச்சே அது அவனுக்கு” என்றார்.

மார்ச் 10, திங்கள்

அந்த ‘பொழப்பு’ காதிலேயே நிற்கிறது.

கடைசி வரிக்கு இதுவரை நான் வைத்திருந்தது: “வீட்டுக்குப் போய் உன் வாழ்க்கையை மறுபரிசீலனை செய்.” அலுவலகக் கோப்பில் எழுதுகிற மாதிரி ஒரு சொல். அந்த விடுதியில் யார் மறுபரிசீலனை செய்கிறார்கள்? “வாழ்க்கையைப் பத்தி யோசி” என்றால் பள்ளிக்கூட அறிவுரை. பொழப்பு என்றால் இரண்டும் வந்துவிடுகிறது. அவன் செய்கிற தொழிலும் அதுதான், வாழ்கிற லட்சணமும் அதுதான். திட்டுகிற தொனிகூட லேசாக ஒட்டியிருக்கிறது, இதெல்லாம் ஒரு பொழப்பா என்கிற மாதிரி.

எழுதினேன்:

வீட்டுக்குப் போய் உன் பொழப்பை யோசிக்கணும் உனக்கு.

வீட்டுக்குப் போய் என் பொழப்பை யோசிக்கணும் எனக்கு.

‘உனக்கு’, ‘எனக்கு’ கடைசியில் போய் உட்கார்ந்ததும் இரண்டும் வேறு வேறு வரி என்று தெரிகிறது. இலக்கணம் பார்த்தால் கொஞ்சம் நொண்டுகிறது. மந்திரிக்கப்பட்டவன் பேச்சு நொண்டினால் தப்பில்லை. ஒபி-வான் வரியும் ஏன் நொண்டுகிறது என்று கேட்டால் பதில் இல்லை.

1999 படத்தில் வாட்டோ என்ற பழைய சாமான் வியாபாரியிடம் இதே வித்தையைக் காட்டுவார்கள், பலிக்காது. இதெல்லாம் என்னிடம் நடக்காது, பணம்தான் நடக்கும் என்பான். அதற்கு அப்பா கை தட்டியது ஞாபகம் வருகிறது. பலவீனமான மனசு உள்ளவர்களிடம்தான் இது பலிக்கும் என்று 1977 படத்தில் விளக்கம் சொல்வார் கிழவர். அதைப் படித்ததும் அப்பா முகம் சுளித்தார். ஒரு சொல்லில் மனசு மாறிப் போகிறவனைப் பலவீனமானவன் என்று சொல்லலாமா என்ன? எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் படத்தை நான் எழுதவில்லை, சப்டைட்டில்தான் எழுதுகிறேன்.

மார்ச் 12, புதன்

நேரம் பொருத்தினேன். பையன் வரி மறைந்து இம்மி இடைவெளி விட்டுத்தான் ஒபி-வான் வரி வர வேண்டும். முன்னாலேயே வந்தால் சிரிப்பு போய்விடும். பதினோரு முறை ஓட்டிப் பார்த்தேன். இப்போது அந்தப் பையன் கொம்பை அசைக்கிற நொடிகூட எனக்கு மனப்பாடம்.

மார்ச் 15, சனி

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

துரத்தல் முழுக்க நாற்காலி நுனியில் இருந்தார். விடுதிக்குள் நுழைந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார், இதுதானே என்று. தலையாட்டினேன். பையன் வந்தான். “தலைவா, சாவுக் குச்சி வேணுமா?” அப்பா உதட்டைப் பிதுக்கினார். முதல் ‘உனக்கு’. முதல் ‘எனக்கு’. அங்கே ஒரு சின்னச் சிரிப்பு. வேலை செய்கிறது. பொழப்பு வந்தபோது சிரிப்பு நின்றது. பையன் போனான்.

அடுத்த சில நொடிகளில் பின்னாலிருந்து ஸாம் துப்பாக்கியோடு வருவாள், ஒபி-வான் திரும்பி ஒரே வீச்சில் கையைத் துண்டாக்குவார். 1977-இலும் மதுக்கடையில் இதே ஆள் ஒருத்தன் கையை வெட்டுவார், வால்ரஸ் மூஞ்சிக்காரன் கையை. அப்பாவுக்குப் பிடித்த இடம் அது. அதனால் இதற்கும் துள்ளுவார் என்று காத்திருந்தேன். கை விழுந்தது. அப்பா அசையவில்லை.

“பாத்தீங்களாப்பா?” என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

“எதை?” என்றார். பிறகு, “அவன் கையில சரக்கு மிச்சம் இருக்குமே. அதுக்கு யாருக்குப் பணம் கட்டணும் அவன்?”

எனக்குத் தெரியாது என்றேன். படத்திலும் இல்லை.

“திருப்பிப் போடு.”

திருப்பிப் போட்டேன். கை விழுகிற இடத்தில் நிறுத்தப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். “அதில்லம்மா. முன்னாடி. அவன் எந்தப் பக்கமாப் போனான்னு பாக்கணும்.”