கொழுஞ்சி வளர்த்த ஒன்றரை வருடம்

போன வருடம் மாசியில் ஆரல்வாய்மொழியில் ஒரு கல்யாணம். திரும்பி வர பஸ்ஸுக்கு நின்றபோது ரோட்டோரச் சரளைக்கல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் கொழுஞ்சி நின்றது. மழை நின்று எவ்வளவோ நாளாகியும் இலையில் வாட்டமில்லை. நுனியில் நாலைந்து ஊதாப் பூ, கீழே முற்றிய காய். இரண்டு கைப்பிடி பறித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

அவுரியும் தூரத்தில் பார்த்தால் இதுபோலத்தான் இருக்கும். கொழுஞ்சியைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை உண்டு: சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது நேராகக் கிழியாது, அம்புமுனைபோல சரிவாகப் பிய்ந்து வரும். அந்த வெயிலில் நின்று பத்து இலையாவது பிய்த்திருப்பேன்.

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். இரண்டும் கன்னியாகுமரி மாவட்டம்தான், ஆனால் ஆரல்வாய்மொழி இருக்கும் தோவாளைத் தாலுகாவின் காய்ந்த காற்று வேறு, எங்கள் ரப்பர் மரத்து ஈரம் வேறு. இது அப்போது மண்டையில் ஏறவில்லை.

சட்டியும் கையுமாக உட்கார்ந்த என்னைப் பார்த்து பாட்டா சிரித்தார். “ரோட்டுல நிக்கப்பட்ட செடியல்லா மக்கா, இதுக்கு எதுக்குச் சட்டி?” அவர் காலத்தில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் நடவுக்கு முன்னால் கொழுஞ்சித் தழையைக் கட்டுக்கட்டாக அறுத்து வந்து வயலின் தொளிச் சேற்றில் மிதித்திருக்கிறார்கள். அவருக்கு அது உரம். பூச்செடிக் கணக்கில் வராது.

முதலில் முப்பது விதையைச் சும்மா ஊன்றினேன். இருபது நாளில் முளைத்தது இரண்டு. விதைத்தோல் மெழுகு பூசியதுபோலக் கடினமானது, தண்ணீர் உள்ளே இறங்காது. அடுத்த முப்பதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்திருக்க வேண்டும். போன் வந்தது, பேசிவிட்டு வந்தபோது விதை வெந்து கொழகொழவென்று கிடந்தது. மூன்றாவது முறை, பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிறவர்கள் செய்வதைச் செய்தேன். சிரட்டையில் விதையோடு பருமணலைப் போட்டு, இன்னொரு சிரட்டையின் முதுகால் தேய்த்தேன். மினுமினுப்பு போய் தோல் மங்கியதும் நிறுத்தி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்தேன். ஊதிப்போன விதைகளை மட்டும் விதைத்தேன். முப்பதுக்குப் பத்தொன்பது முளைத்தது!

பிறகு நான் செய்ததெல்லாம் கெடுதல். சாணிப்பொடியும் தோட்டத்து மண்ணும் சேர்த்த குரோபேக், காலையும் மாலையும் தண்ணீர். மே மாதம் வரைக்கும் நன்றாக வளர்ந்தன, பார்க்க ஆசையாக இருந்தது. ஜூனில் எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கியது. தொடர்ந்து ஒன்பது நாள் வெயில் இல்லை. அடித்தண்டு கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தப்பித்த மூன்றைத் தரைக்கு மாற்றினேன். பையின் அடியில் ஆணிவேர் வட்டமாகச் சுருண்டு கிடந்தது, பிரிக்கும்போது ஒடிந்தது. அந்த மூன்றும் போயின.

செத்ததில் ஒன்றைக் கழுவிப் பார்த்தேன். வேரில் கடுகளவு முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே வெளிர்சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் பொருள் அது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா உள்ளே வேலையில் இருந்ததற்கு அடையாளம். அப்படியானால் நான் கொட்டிய சாணிப்பொடி எதற்கு? தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும் செடிக்கு விருந்து வைத்துக் கொன்றிருக்கிறேன்.

செப்டம்பரில் இடத்தை மாற்றினேன். கிழக்கு மதிலோரம் நாள் முழுக்க வெயில் விழும். வீடு கட்டியபோது மிச்சமான ஜல்லியும் செம்மண்ணும் அங்கே குவிந்து கிடந்தன. அதையே முழங்கை உயரத்துக்கு மேடாக்கி, தேய்த்த விதையை நேராக ஊன்றினேன். உரம் கிடையாது. முளைக்கும் வரை தண்ணீர் தெளித்தேன், அவ்வளவுதான். ஐப்பசி மழை கொட்டியபோது தண்ணீர் மேட்டில் நிற்காமல் வடிந்தது. பதினான்கு செடி நின்றது. பக்கத்து வீட்டு ஆடு ஒருநாள் மதில் தாண்டி வந்து செம்பருத்தியை மொட்டையடித்தது, கொழுஞ்சியை ஒரு வாய் கடித்துவிட்டுப் போய்விட்டது.

முதல் இரண்டு மாதம் வளர்ச்சியே தெரியாது. விரல் நீளத்திலேயே நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஜனவரி இரண்டாம் வாரத்தில் முதல் பூ வந்தது. அவரைப் பூவின் சாயல், ஆனால் சின்னது. காலையில் ஊதா, வாடும்போது நீலத்துக்குப் போகிறது. “மணமும் இல்ல, கறிக்கும் ஆவாது” என்றாள் அம்மா. நியாயம்தான். ஒரு பூவைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, எட்டு மணி வெயிலில் மேடு முழுக்கத் தேனீ மொய்க்கும்போது பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் காய்ந்த தண்டுகளைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டினேன். பாட்டா தழையைப் பக்கத்துத் தொட்டியில் போட விடவில்லை. கொசுவுக்காக அதில் கப்பி மீன் விட்டிருக்கிறோம். கொழுஞ்சியை இடித்து ஓடையில் கலக்கி மீன் மயக்கிப் பிடித்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். தழை தென்னை மூட்டுக்குப் போனது.

வெட்டிய கட்டைகள் ஒரு மாதம் செத்த குச்சிபோல நின்றன. கோடைமழை இரண்டு விழுந்த பிறகு பதினொன்றில் அடியிலிருந்து புதுத்தளிர் வந்தது. மூன்று போய்விட்டன. இந்த எடவப்பாதியை அந்தப் பதினொன்றும் தாண்டிவிட்டன.

கடைசியாக ஒரு விஷயம். முற்றிய காயை வெயிலில் பேப்பரில் காய வைத்தால் மேலே துணி போட்டு மூடுங்கள். நான் மூடவில்லை. காய் படபடவென்று முறுக்கி வெடித்து விதை முற்றமெல்லாம் தெறித்தது. இப்போது படிக்கல் இடுக்கில் ஒரு கொழுஞ்சி நிற்கிறது. அம்மாவின் வாரியல் அதைச் சுற்றிப் போகிறது.