குட்டை அலைகளில் ஒற்றைப் பாய்

மார்ச் 3

காற்று மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் வீசியது. என்னுடையது 4.23 மீட்டர் நீளமுள்ள லேசர் வகைப் படகு. ஒற்றைப் பாய், அதன் பரப்பு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர். அமைதியான நீரில் இதே காற்றில் இது துள்ளிக்கொண்டு ஓடும். இன்று நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசியதால் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழுந்தன. உயரம் அரை மீட்டரைத் தாண்டவில்லை என்றாலும் அணியம், அதாவது படகின் முன்முனை, ஓர் அலையை விட்டு இறங்கி முடிப்பதற்குள் அடுத்த அலை முகத்தில் அறைந்தது. பழக்கதோஷத்தால் படகைக் காற்று வரும் திசைக்கு மிக நெருக்கமாகவே செலுத்தினேன். அலையின் ஒவ்வோர் அடியிலும் வேகம் குறைந்து, மூன்றாவது அலையில் படகு நின்றேவிட்டது. நீர் உராய்ந்து ஓடாத சுக்கான் வெறும் பலகைதான். காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்ப மூன்று முறை முயன்றும், மூன்று முறையும் பாய் படபடக்கப் பின்னோக்கி மிதந்தேன்.

மார்ச் 4

கடலுக்குப் போகவில்லை. உள்ளங்கையில் கொப்புளம்.

மார்ச் 6

அதே காற்று, அதே அலைகள். இம்முறை படகின் முகத்தைக் காற்றிலிருந்து ஐந்து பாகை அளவுக்கு விலக்கி, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை ஒரு சாண் தளர்த்தினேன். பாயின் மேற்பகுதி சற்றே முறுக்கிக்கொண்டு திறந்தது. அலை உலுக்கும்போது காற்று பாயைச் சந்திக்கும் கோணம் நொடிக்கு நொடி மாறுவதால், முழுக்க இறுக்கிய பாயைவிட இப்படித் திறந்த பாய் அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. பாயின் அடிவிளிம்பையும் கொஞ்சம் நெகிழவிட்டு வயிற்றை ஆழமாக்கினேன், ஏனெனில் அலையை முட்டிக் கடக்க வலு வேண்டும். தட்டையான பாயில் அது கிடைக்காது. காற்றை நோக்கி முன்போல நெருங்கிச் செல்ல முடியவில்லைதான், ஆனால் அந்த இழப்பைவிடக் கூடிய வேகமே எனக்கு இலாபமாக இருந்தது.

அலையின் முகத்தில் ஏறும்போது காற்றை நோக்கிச் சிறிது திருப்பி, முகட்டைத் தொட்டதும் விலக்க வேண்டும் என்பது சொல்ல எளிது. அலைகள் இவ்வளவு நெருக்கமாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் சுக்கானை ஆட்டினால் சுக்கானே தடையாகிவிடும் என்பதால், பெரியவற்றை மட்டும் தேர்ந்து கையாண்டேன். சிறியவற்றுக்கு உடம்பே போதும்: அணியம் மோதும் கணத்தில் தோளைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் போதும். திரும்புவதற்கு முன், பெரிய அலைகள் இரண்டு மூன்று போகட்டும் என்று காத்திருந்தேன். அவற்றின் பின்னே கிடைத்த சமதளத்தில், வேகம் குன்றுமுன் திரும்பினேன். ஏழு முறை திரும்பியதில் ஒன்றுதான் தவறியது, அதுவும் அவசரப்பட்டதால்.

மார்ச் 9

காற்று முதுகிலிருந்து. இதை எளிது என்று நினைத்திருந்தேன். அலையின் முன்சரிவில் படகு வழுக்கி இறங்கும்போது பின்னால் நகர்ந்து உட்காராவிட்டால் அணியம் முன்னலையின் முதுகில் புதைந்துவிடுகிறது. பாயை மறுபக்கம் மாற்றும் வேலையை, படகு மெதுவானதும் செய்யலாம் என்று தள்ளிப்போட்டதே தவறு. காற்றோடு சேர்ந்து வேகமாக ஓடும் படகில்தான் பாயின் மீது விழும் காற்றழுத்தம் குறைவு. அலையின் முதுகில் படகு தளர்ந்த நேரத்தில் பாய் அறைந்து மாற, கவிழ்ந்தேன்.

படகை விட்டு நகராமல், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகை மீது ஏறி நின்று நிமிர்த்தப் பார்த்தேன். அசையவில்லை. பாய்க் கயிறு இறுகியிருந்ததை மூன்றாம் முயற்சியில்தான் கவனித்தேன். அதைத் தளர்த்தியதும் பாயிலிருந்த நீர் வழிந்து படகு எழுந்தது. உட்குழியில் தேங்கிய நீர், வேகம் பிடித்த பிறகுதான் அடித்துளை வழியே வெளியேறியது; அதுவரை படகு நிறைமாத வயிற்றுக்காரி போல அசைந்தது.

மார்ச் 11

முதுகுக் காற்றில் ஒன்பது முறை பாய் மாற்றினேன், எல்லாம் சரிவில் வழுக்கும்போதே. கயிற்றின் நுனியில் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. நாளை கட்ட வேண்டும்.