சிவப்பில் எழுதிய 12%

ஹட்டனில் ஊழியர் சேமலாப நிதி (EPF) பற்றிய கூட்டம். கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்த அக்கா ஒருவர், பின்வரிசையிலிருந்து டீவித் திரையை போனில் படம் பிடித்தார். அப்புறம் அதை இரண்டு விரலால் விரித்து விரித்து வாசித்தார்.

நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. சம்பளத்தில் தொழிலாளி கட்டுவது 8%, நிர்வாகம் கட்டுவது 12%. முக்கியமான அந்த வரிதான் கலங்கிக் கிடந்தது.

அக்காவின் கண்ணில் குறையில்லை. கொழும்பிலிருந்து ஒருவர் ஒன்லைனில் விளக்கினார். ஸ்லைட் வீடியோவாகத்தான் இங்கே வந்து சேர்ந்தது. வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்ச விவரம் படத்தின் எல்லாப் புள்ளிக்கும் (பிக்சல்) இருக்கும். நிற விவரமோ பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் எழுத்தின் ஓரம் கரைந்துவிடும்.

கருநீலத்தில் வெள்ளை போட்டிருந்தால் சரி.

தமிழுக்கு இன்னொரு தொல்லை. எழுத்து சிறுத்தால் முதலில் காணாமல் போவது மெய்யின் புள்ளி. சில டீவிகள் விளிம்பையும் வெட்டிவிடும், அதனால் நான்கு பக்கமும் 5% இடமாவது விட வேண்டும்.

அதெல்லாம் கிடக்கட்டும். ஒரே ஸ்லைடில் பதினைந்து வரி போடுகிறவர்களே, நாங்கள் அதை வாசிப்பதா, நீங்கள் பேசுவதைக் கேட்பதா?