மணக்குடிப் பாலத்தில் ஒரு புல்லட்

ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் புல்லட்டில் கடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே வண்டியை நிமிர்த்தி வைத்து ஓட்ட முடியாது. காற்று வரும் பக்கமாகச் சற்றே சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும், நடுவில் ஒரு லாரி வந்து காற்றை மறைத்துவிட்டால் அந்தச் சாய்வே நம்மை லாரியின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். சென்ற ஆடியில் அப்படிச் சாய்ந்துகொண்டே முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து நாகர்கோவில் நோக்கி வந்துகொண்டிருந்தபோது, சாலையோரச் சாயாக்கடையின் முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயர் ஒருவர் வாடகை புல்லட்டின் அருகே நின்றிருந்தார். கிளட்ச் கேபிள் நிப்பிள் அருகே அறுந்து, கம்பி இழைகள் துடைப்பக்குச்சிகளைப் போல விரிந்து கிடந்தன. கழுத்தில் ஒரு பழைய கேமரா தொங்கியது. கேபிளைவிட அந்தக் கேமராதான் என்னை நிறுத்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வடசேரிக்குப் போய்க் கேபிள் வாங்கினேன். திரும்பும்போது வண்டியைத் தான் ஓட்டிப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என்னுடையது அப்பா விட்டுப்போன பழைய புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய பிள்ளைகள் இதில் ஏறினால் முதல் திருப்பத்திலேயே பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார்கள். அவரோ சாவியைப் போட்டார், என்ஜினின் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்பிரஷன் லீவரை அழுத்தியபடி கிக்கரை மெதுவாகக் கீழே தள்ளினார், மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்து நிற்கும் வரை பொறுத்திருந்து, பிறகு ஒரே உதை. வலது கால் தானாகவே கியரைத் தேடிக்கொண்டது. கடைசியாக இப்படிப்பட்ட வண்டியைத் தன் இருபத்திரண்டாம் வயதில் ஓட்டியதாகப் பிறகு சொன்னார். மனிதன் மறந்தாலும் கால் மறப்பதில்லை போலும் என்று அப்போது நினைத்தேன்.

அவருடைய ஊர் வொர்ஸ்டர்ஷையரில் உள்ள ரெட்டிச். புல்லட் வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்க வழியில்லை. அது ஊசி செய்து பிழைத்த ஊர். தையல் ஊசிப் பட்டறையாகத் தொடங்கி, சைக்கிளுக்கு மாறி, 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த நிறுவனம்தான் என்பீல்ட். புல்லட் என்ற பெயர் 1932இல் வந்தது. இந்திய ராணுவம் வாங்கத் தொடங்கிய பிறகு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்பீல்டோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் தயாரிப்பைத் தொடங்கியது. (வண்டி சென்னைக்கு வந்த மறு ஆண்டு, 1956 நவம்பர் 1ஆம் தேதிதான், எங்கள் கன்னியாகுமரி மாவட்டமே தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆகவே எங்களைவிடப் புல்லட்தான் மூத்த தமிழன் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வதுண்டு.) 1967இல் ரெட்டிச் ஆலையை மூடிவிட்டார்கள். நண்பரின் தந்தை அந்த ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை இருந்த இடம் இப்போது தொழிற்பேட்டை. பெயரில் மட்டும் என்பீல்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன் வீட்டுத் தெருவில் அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட சத்தத்தைக் கேட்பதற்குத் தான் ஐந்தாயிரம் மைல் பறந்துவர வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, அதில் வருத்தத்தைவிடக் கேலிதான் கூடுதலாக இருந்தது.

இரண்டு நாள் தங்க வந்தவர் ஐந்து நாள் இருந்தார். காலையில் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் காடுகளுக்குள் போவோம். மாலையில் முட்டம் கடற்கரைக்கு. இருவரிடமும் இருந்தது பிலிம் கேமரா, அதிலும் இருவரிடமும் இல்போர்ட் கறுப்பு வெள்ளை ரோல்தான், 36 படம். இப்போது ரோல் விற்கும் விலைக்கு ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் விரல் கணக்குப் போடுகிறது. ஆனாலும் அவர் என்னைவிடக் குறைவாகவே எடுத்தார். முட்டத்தில் ஒரு மாலை, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் அலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தோம். அவர் கேமராவைப் பையில் வைத்து மூடிவிட்டார். வெளிச்சம் அருமையாக இருக்கிறதே, எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

எடுத்தால் இது போய்விடும் என்றார். நாற்பது ஆண்டுகள் படம் எடுத்தே பிழைத்தவர் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவர் தந்த விளக்கத்தை ஏறத்தாழ அப்படியே எழுதுகிறேன். அவருடைய கல்யாண ஆல்பத்தில் பதினான்கு படங்கள் இருக்கின்றன. அந்த நாளைப் பற்றி அவருக்கு நினைவில் இருப்பதும் சரியாகப் பதினான்கு காட்சிகள். அதைவிடக் கொடுமை, அந்த நினைவுகள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளைக் கோலத்தில் அவரே நின்றுகொண்டிருக்கிறார். சொந்தக் கண்ணால் பார்த்ததாக ஒரு காட்சிகூட மிச்சமில்லை. தன் கல்யாணத்துக்குத் தானே விருந்தாளியாகப் போய்வந்தது போலத்தான் ஞாபகம் வருகிறது என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் என்னிடமும் அப்படி ஒரு படம் இருக்கிறது. 1983இல் மணக்குடிப் பாலத்தில் எடுத்தது. சித்தப்பாவின் ஆக்பா கிளிக் 3, சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும் பெட்டிக் கேமரா. பாலத்தின் நடுவில் புல்லட்டை ஸ்டாண்ட் போட்டு அப்பா அமர்ந்திருக்கிறார், பின்னால் பதின்மூன்று வயதில் நான். முன் சக்கரத்தில் பாதி வெளியே போய்விட்டது. வலது ஓரத்தில் மீன் கடவத்தைத் தலையில் சுமந்தபடி ஒரு பெண் படத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார். ஒரு காலும் கடவத்தின் விளிம்பும்தான் விழுந்திருக்கின்றன. அப்பாவின் தலைக்கு மேலே வானம் வெள்ளைக் காகிதமாக இருக்கிறது. வெளிச்சம் கூடிப்போனால் அந்தக் கேமராவில் வானம் அப்படித்தான் வெளுக்கும்.

பழையாறு கடலைத் தொடும் அந்தப் பொழிமுகத்தில் மாலை வானம் எத்தனை நிறங்களில் இருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மாலையை நான் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் வானம் வெள்ளையாகவே வருகிறது. காயலில் வள்ளங்கள் நின்றிருக்க வேண்டும், வரவில்லை. அப்பா என்ன பேசினார் என்பதும் வரவில்லை. கடவம் சுமந்த அந்தப் பெண்ணின் முகத்தையாவது நான் திரும்பிப் பார்த்திருப்பேன் அல்லவா? அவரும் ஒரு காலோடு நின்றுவிடுகிறார். பாலம் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் போயிற்று; அதற்கு ஓராண்டு முன்பே அப்பா போய்விட்டார். இப்போது அங்கே வேறு பாலம். பழைய பாலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை முழுவதும் அந்தச் சதுரப் படத்துக்குள் இருப்பதுதான் என்பது, நண்பர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊரில் ஞாபகத்தை ஓர்மை என்போம். படமே இல்லாமல் எனக்குள் இருக்கும் ஓர்மை எது என்று தேடினேன். உடனே வந்தது ஒன்பது வயதில் நெய்யூருக்குப் போன இரவு. எனக்கு இளைப்பு கூடி மூச்சு வாங்கவே, அப்பா என்னைப் புல்லட்டின் பெட்ரோல் டேங்க் மீது உட்கார வைத்து, பின்னால் அம்மாவை ஏற்றிக்கொண்டு, மணவாளக்குறிச்சியிலிருந்து திங்கள்சந்தை வழியாக மழையில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டேங்கின் சூடு தொடைகளில் ஏறுகிறது. என் இரு பக்கமும் அப்பாவின் நனைந்த கைகள். கண்ணுக்கு நேராக ஹெட்லைட் மூடியில் அம்மீட்டர் முள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. முள் விழுந்தால் என் மூச்சும் நின்றுவிடும் என்று அதையே பார்த்துக்கொண்டு வருகிறேன். இந்தக் காட்சியில் நான் எங்குமே தெரியவில்லை. என் கண்தான் பார்க்கிறது. ஆகவே இதுதான் உண்மையான ஓர்மை, படத்தால் கெடாதது என்று மறுநாள் நண்பரிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அவர் நெய்யூரைப் பார்க்க வேண்டும் என்றார். போகும் வழியில், இரணியல் சாலையின் பசுமையை விட்டுவிட்டு, அவருக்கு சாமர்வெல்லின் கதையைச் சொன்னேன். எவரெஸ்டைத் தெரிந்த ஆங்கிலேயர்களுக்குத் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் மலையேறி. எங்கள் தாத்தா பாட்டிகளுக்கு அவர் வயிற்றைக் கிழித்துத் தைத்துப் பிழைக்க வைத்த நெய்யூர் டாக்டர். 1922இல் எவரெஸ்ட் முயற்சி முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் நடத்திய நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார், அங்கே காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் அறுவை செய்ய ஒரே ஒரு டாக்டர் மட்டும் திணறிக்கொண்டிருந்த நிலையையும் கண்டார், லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார்.

1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குப் போனபோது, ஜூன் 4ஆம் தேதி ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் தொண்டை அடைத்து மேலே நகர முடியாமல் அமர்ந்துவிட்ட சாமர்வெல், தனியாக ஏறிச்சென்ற குழுத் தலைவர் நார்ட்டனைப் படம் எடுத்தார். அதுவரை எந்த மலையிலும் எந்தக் கேமராவும் அவ்வளவு உயரத்தில் படம் எடுத்ததில்லை. கீழே இறங்கி வரும் வழியில், அடுத்துச் சிகரத்துக்குப் புறப்பட்ட சக மலையேறி மல்லோரியைச் சந்தித்தார். மல்லோரி தன் கேமராவை மறந்து விட்டு வந்திருந்ததால், சாமர்வெல் தன்னுடைய மடக்கு கோடக்கை, சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சிறிய பெட்டியை, அவரிடம் கொடுத்து அனுப்பினார். ஜூன் 8ஆம் தேதி மல்லோரியும் அவரோடு ஏறிய இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். 1999இல் மல்லோரியின் உடல் கிடைத்தது, கேமரா இல்லை. 2024இல் இர்வினின் பூட்ஸும் காலும் கிடைத்தன, அப்போதும் கேமரா இல்லை. அவர்கள் சிகரத்தில் நின்றார்களா என்பதைச் சொல்லக்கூடிய பிலிம் இன்றும் பனியில் கிடக்கக்கூடும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். உலகம் தேடும் அந்தக் கேமரா எங்கள் நெய்யூர் டாக்டருடையது.

மல்லோரியின் கதை முழுவதும் அறிந்த நண்பருக்கு, கேமராவின் சொந்தக்காரர் வாழ்ந்த ஊரில் தான் சாயா குடித்துக்கொண்டிருப்பது புதிய செய்தி. கடைக்காரர் இலையில் வைத்துத் தந்த ரசவடையைத் தொடாமலே வெகுநேரம் இருந்தார். பிறகு, அது கிடைக்காமல் இருப்பதே நல்லது, கழுவிப் பிரிண்ட் போட்டால் எட்டுப் படங்களோடு எவரெஸ்ட் முடிந்துவிடும் என்றார். நான் தலையாட்டினேன், ஆனால் முழு மனதோடு அல்ல. அந்தப் படம் நாளை வெளியானால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

அவர் ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்டுவந்தவர், நெய்யூர் இரவில் புல்லட் வந்ததும் கத்தியை நிறுத்தினார்.

“நல்ல கதை! அன்னைக்கு நம்மகிட்ட ஏது மக்களே புல்லட்? திங்கச்சந்தையில இருந்து டாக்சி வரவச்சுல்லா போனோம். மழையும் இல்லை ஒண்ணும் இல்லை.”

நான் விவாதித்தேன். டேங்கின் சூட்டைச் சொன்னேன், அம்மீட்டர் முள்ளைச் சொன்னேன். பிறகு எழுந்துபோய் பீரோவிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதற்காக நான் கையில் எடுத்துச் செல்லும் அதே புத்தகம்தான். முதல் பக்கத்தில், ஊதா மையில், 1981 என்று இருந்தது. எனக்கு ஒன்பது வயது நடந்தது 1979இல். எத்தனையோ முறை பார்த்த எண். ஒருமுறைகூடக் கழித்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

அப்படியானால் அந்த முள்ளை நான் எந்த இரவில் பார்த்தேன், யாருடைய கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன், மழை எங்கிருந்து வந்தது? நண்பருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதிலில் ஒரே ஒரு வரி இருந்தது: டாக்சி என்ன நிறம் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லவும்.

கேட்டேன்.

“நிறமா? அதெல்லாம் யாருக்கு ஓர்மை இருக்கு? ஒரு பக்கத்துக் கதவு சரியா அடையாது. உன்னை மடியில போட்டுக்கிட்டு, நெய்யூர் போற வரைக்கும் அப்பா அந்தக் கதவைக் கையால பிடிச்சிட்டே வந்தாவ. அது ஓர்மை இருக்கு.”