உச்சி ஒடிந்த ஃபிர் மரம்

ஏழு வருடத்துக்கு முன் முழங்கால் உயரத்தில் நட்ட நார்ட்மன் ஃபிர் என்ற ஊசியிலை மரம், இப்போதுதான் என் தோளைத் தொட்டிருக்கிறது. காகசஸ் மலைகளில் இதே இனம் 60 மீட்டர் வரை போகும். என்னுடையது அவசரப்படவில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் "ஸ்ப்ரூஸ்தானே?" என்று கேட்பார்கள். அதுவும் பார்க்க இதே மாதிரி இருக்கும் ஊசியிலை மரம். ஓர் ஊசியிலையைப் பிய்த்துக் காட்டுவேன். ஸ்ப்ரூஸ் என்றால் பட்டையும் கொஞ்சம் உரிந்து வரும். ஃபிர் இலை சுத்தமாகக் கழன்று, கிளையில் ஒரு வட்டத் தழும்பை மட்டும் விட்டுவிடும். இலையைத் திருப்பினால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள்.

முதல் வருடம் அதைக் கொல்லப் பார்த்தது நான்தான். பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன், இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஃபிருக்கு ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். போதாக்குறைக்கு ஆழமாகவும் நட்டிருந்தேன். தோண்டி எடுத்து, வேர் பிரியும் இடம் மண்மட்டத்தில் தெரிகிற மாதிரி சின்ன மேடு கட்டி மறுபடி நட்டேன். மேலே நாலு விரல் கனத்துக்கு மரச்சீவல், தண்டை ஒட்டாமல். இப்போதெல்லாம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் வாளியைத் தூக்குகிறேன்.

நாலாம் வருட வசந்தத்தில் ஒரு புறா வந்து, அப்போதுதான் நீண்டிருந்த இளம் உச்சித் தளிரில் உட்கார்ந்தது. டக். கொழுத்த புறா. அது பறந்துவிட்டது, உச்சி தரையில் கிடந்தது.

கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வேளை, உடனே வெட்டவில்லை. இலையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் ஃபிர் அங்கிருந்து திரும்பத் துளிர்ப்பது அரிது. ஒடிந்த இடத்துக்குக் கீழே ஐந்து கிளைகள் சக்கரம் போல விரிந்திருந்தன. அதில் தடித்த ஒன்றைப் புதிய உச்சியாக்கத் தேர்ந்தெடுத்து, தண்டோடு ஒரு மூங்கில் குச்சியைக் கட்டி, அந்தக் கிளையை மெல்ல நிமிர்த்திப் பழைய பருத்தித் துணிக் கிழிசலால் முடிச்சுப் போட்டேன். கம்பி பட்டையைக் கடித்துவிடும். போட்டிக்கு நிமிரப் பார்த்த இன்னொரு கிளையின் நுனியை மட்டும் கிள்ளினேன்.

படுத்திருந்தவரை அந்தக் கிளையின் இலைகள் சீப்புப் பற்கள் மாதிரி இரு பக்கமும் வாரியிருந்தன. அடுத்த வசந்தத்தில் அதிலிருந்து வந்த தளிரில் இலைகள் சுற்றிலும் முளைத்தன. சரி, உச்சிப் பதவியை ஏற்றுக்கொண்டது என்று புரிந்தது.

இன்னும் காய்ப்பு இல்லை. காய்த்தால் கூம்புகள் மேல்கிளைகளில் நிமிர்ந்து நிற்கும், மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதற்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது.

போன வாரம் குச்சியை அவிழ்த்தேன். தள்ளி நின்றால் தண்டு நேராகத்தான் தெரிகிறது. கையால் தடவினால், பழைய உச்சி ஒடிந்த இடத்தில் ஒரு சின்ன வளைவு.