ரீகலில் பார்த்த மரியா

எங்கள் காலத்தில் விடுதிப் பிள்ளைகளுக்குப் படம் பார்க்க அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. தமிழ்ப் படம் என்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆனால், மடத்திலிருந்து வந்து ஒரு கப்டனின் ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மரியாவின் கதையான 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' என்ற ஆங்கிலப் படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, கன்னியாஸ்திரிகள் வரும் படம் என்ற ஒரே காரணத்துக்காக, விடுதிப் பொறுப்பாளரே எங்களை வரிசையாக ரீகல் தியேட்டருக்கு அழைத்துப் போனார். அந்தக் கன்னியாஸ்திரிகள் நாஜிகளின் கார்களிலிருந்து பாகங்களைக் கழற்றி ஒளித்துவிட்டு, பாவம் செய்துவிட்டோம் என்று மடத்துத் தலைவியிடம் ஒப்புக்கொள்ளும் இடத்தில் முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

அடுத்த சங்கீத பாடத்தில் சரளி வரிசை தொடங்கியதும் பின்வாங்கிலிருந்து, படத்தில் மரியா பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக்கொடுக்கும் 'டோ ரே மி' பாட்டு கிளம்பியது. ஆசிரியை கோபிக்கவில்லை. ஆர்மோனியத்தில் அந்த ஏழு சுரங்களையும் ஏறி இறங்கி வாசித்துக் காட்டி, "இது எங்களுடைய சங்கராபரணம்தானே, பாடுங்கள்" என்றார். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் அடங்கவில்லை.

இந்தப் படம் முதலில் மேடை நாடகம் என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. ரொட்ஜர்ஸ் இசையமைக்க, ஹமர்ஸ்டைன் பாடல் எழுத, 1959இல் நியூயோர்க்கில் அரங்கேறியது. ரொபர்ட் வைஸ் இயக்கத்தில் ஜூலி அன்ட்ரூஸ் நடித்த படம் 1965இல்தான் வந்தது. லண்டன் வந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, எங்கள் பகுதி நாடகக் குழு ஒன்று பழைய மேடைப் பிரதியை அப்படியே நடித்தது. விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பாட்டுகள் இடம் மாறி வந்தன. இடி மின்னலுக்குப் பயந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக மரியாவின் கட்டிலில் ஏறும்போது 'மை ஃபேவரிட் திங்ஸ்' வரும் என்று காத்திருந்தால், ஆட்டிடையன் பாட்டு வந்தது. நாங்கள் காத்திருந்த பாட்டையோ மரியாவும் மடத்துத் தலைவியும் மடத்திலேயே பாடி முடித்திருந்தார்கள். "களவெடுத்துவிட்டார்கள்" என்றாள் தோழி, பக்கத்து ஆசனக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. உண்மையில் மாற்றியது படம்தான். திரைக்கதை எழுதிய ஏர்னஸ்ட் லேமனுக்கு என் ஓட்டு. பெரியவர்கள் இருவர் நினைவுகூர்ந்து பாடும் பாட்டு, பயந்த பிள்ளைகளிடம் வந்ததும் அதற்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. 'டோ ரே மி'யும் அப்படியே. மேடையில் அது வரவேற்பறையைத் தாண்டாது. படத்தில் மலைப் புல்வெளியில் தொடங்கி, சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகர் முழுதும் சுற்றி, மிராபெல் தோட்டத்துப் படிக்கட்டில் முடிகிறது. சுரம் ஏறப் பிள்ளைகளும் படி ஏறுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் அவர்கள் தேர்ந்த பாடகர்களாகிவிடுவதை நாமும் நம்பிவிடுகிறோம். மேடையால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் ஒன்றைப் படம் வெட்டியிருக்கக் கூடாது. மேடையில் கப்டனின் நண்பர் மக்ஸும், கப்டன் மணக்க இருந்த எல்சாவும் அவரைச் சுற்றி நின்று, வருவதை யாராலும் தடுக்க முடியாது, நாம் ஏன் மோதிக்கொள்ள வேண்டும் என்று துள்ளலாக ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். கேட்கச் சிரிப்பு வரும். பாடுவதோ ஹிட்லருக்கு வளைந்து கொடுப்பது பற்றி. கப்டனுக்கும் எல்சாவுக்கும் இடையிலான திருமணப் பேச்சு அதில்தான் முறிகிறது. படத்தில் அந்தப் பாட்டே இல்லை. கப்டனின் மனம் மரியாவிடம் போய்விட்டதால், எல்சா நாகரிகமாக விலகிப் போகிறாள். அவ்வளவுதான். பள்ளிப் பருவத்தில் எங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் வளைந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, அந்த வெட்டு சின்ன வெட்டு அல்ல. நாடகம் முடிந்ததும் இதைப் பற்றித் தர்க்கப்பட்டோம். தோழி ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பாட்டு இருந்திருந்தால் ரீகலில் நாங்கள் நித்திரை கொண்டிருப்போம் என்பது அவள் கட்சி.

ஹமர்ஸ்டைன் 1960இலேயே காலமாகிவிட்டதால், படத்துக்கென்று சேர்த்த இரண்டு புதுப் பாட்டுகளுக்கும் ரொட்ஜர்ஸே வரிகளும் எழுதினார். அவற்றுள் ஒன்று கப்டனும் மரியாவும் காதலைச் சொல்லும் பாட்டு. மேடையில் அந்த இடத்தில் இருந்ததைவிட இதுவே மேல் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

எங்கள் பழைய மாணவர்களின் அடுத்த ஒன்றுகூடலில் 'டோ ரே மி' பாடுவதென்று முடிவாகியிருக்கிறது. சுரத்துக்கு ஒருவராக ஏழு பேர் வேண்டும். 'நி'க்குத்தான் இன்னும் ஆள் அகப்படவில்லை. குரல் எட்டும் என்று நினைப்பவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். படி ஏறச் சொல்ல மாட்டோம்.